ஒரே எஞ்சினில் மூன்று அலுமினியம்

பாலக்கோடு தக்காளி மண்டிக்கு விடிகாலையில் வரும் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிகளைப் பார்த்தால் முதலில் ஒரு சந்தேகம் வரும்: ஓட்டுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? கால் வைக்கும் இடத்தில் இரண்டு கிரேடு, பின்னால் கயிறு கட்டி மூன்று கிரேடு, நடுவில் செருகி வைத்ததுபோல ஒரு மனிதர். இவ்வளவையும் இழுப்பது 99.7 சிசி கொள்ளளவுள்ள ஒரு குட்டி எஞ்சின்.

அந்த எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது, உள்ளே அலுமினிய பிஸ்டன் நொடிக்கு 100 முறை மேலே போய் 100 முறை கீழே வருகிறது. ஏறி இறங்கும் தூரம் 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரு முனையிலும் நின்று திரும்ப வேண்டும் என்பதால் நொடிக்கு 200 முறை பிரேக் அடித்த கணக்கு. பிஸ்டனின் எடை 100 கிராம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், உச்சியில் திரும்பும் அந்தக் கணத்தில் அது கனெக்டிங் ராடை 100 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு இழுக்கிறது. அதே பிஸ்டனை வார்ப்பிரும்பில் செய்திருந்தால் எடை இரண்டரை மடங்குக்கு மேல் போயிருக்கும். இழுப்பும் அதே அளவு கூடியிருக்கும்.

அடுத்து, தீ. பிஸ்டனின் தலைக்கு மேல் நொடிக்கு 50 முறை பெட்ரோல் எரிகிறது. எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். பிறகு எப்படி அது குழைந்து வழியாமல் இருக்கிறது? தீ நிற்பது நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம்தான். அதற்குள் பிஸ்டன் வாங்கிய சூட்டை ரிங்குகள் வழியாகச் சிலிண்டர் சுவருக்கும், அங்கிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்புகள் வழியாகக் காற்றுக்கும் தள்ளிவிடுகிறது. வார்ப்பிரும்பைவிட அலுமினியக் கலவைகள் இரண்டு மூன்று மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால் பிஸ்டனின் தலை 250, 300 டிகிரிக்கு மேல் போவதில்லை.

பிஸ்டனை அலுமினியத்தில் செய்யும் யோசனைக்கு ஒரு வேடிக்கையான பூர்வகதை உண்டு. 1913-ல் டபிள்யூ. ஓ. பென்ட்லி என்ற ஆங்கிலேயர், தான் கார்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்த பிரெஞ்சுக் கம்பெனியின் அலுவலகத்துக்குப் போனார். மேஜைமேல் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு குட்டி அலுமினிய பிஸ்டனை வைத்திருந்தார்கள். அதைக் கையில் எடுத்துப் பார்த்தவர், எஞ்சினுக்குள்ளேயே இதைப் போட்டால் என்ன என்று கேட்டார். 88 பங்கு அலுமினியம், 12 பங்கு செம்பு என்று ஒரு கலவையில் பிஸ்டன் வார்த்துப் போட்டார். கார் பந்தயங்களில் ஜெயித்தது. பின்னாளில் தன் பெயரிலேயே கார் கம்பெனி தொடங்கியவர் இவர்தான்.

எக்ஸ்எல் வண்டியின் மூதாதையான டிவிஎஸ் 50 மொபெட் 1980-ல் ஓசூரில் பிறந்தது. அன்றைக்கு ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004-ல்தான். அசோக் லேலண்டின் ஓசூர் ஆலையும் அதே 1980-ல் வந்தது. கம்பும் கேழ்வரகும் விளைந்த வறண்ட மாவட்டத்தின் ஒரு மூலையில் எஞ்சின் செய்யும் ஊர் ஒன்று எழுந்தது. எஞ்சின் செய்யும் ஊரில் அலுமினியத்தை உருக்கி வார்க்கும் பட்டறைகளும் எழாமல் இருக்குமா? அங்கே போய் "அலுமினியம் வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த அலுமினியம்?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதிலாக வரும் பெயர்களைக் கேட்டால் தலை சுற்றும். எல்எம்13, எல்எம்25 என்பார்கள். பிரிட்டிஷ் தரப்பட்டியலில் இருந்து வந்தவை. ஏடிசி12 என்பார்கள், ஜப்பானியர் வகுத்தது. ஏ356 என்பார்கள்; அமெரிக்கக் கணக்கு. யாரோடு கூட்டு வைத்து எந்த எஞ்சின் வந்ததோ அவர்களுடைய பட்டியலும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. இந்திய தர நிர்ணய அமைப்புக்கும் ஐஎஸ் 617 என்று சொந்தப் பட்டியல் உண்டு. பட்டறைப் பேச்சில் நான்கும் கலந்தே ஓடும்.

சுத்த அலுமினியத்தையே ஊற்றிவிட்டால் என்ன? அது எஞ்சினுக்கு மட்டுமல்ல, வார்ப்புக்கே லாயக்கில்லை. மென்மையானது, இறுகும்போது ஏறத்தாழ ஆறரை சதவீதம் சுருங்கும். பத்து லிட்டர் உருகிய உலோகத்தை ஊற்றினால் அரை லிட்டருக்கு மேல் காணாமல் போய்விடும். சுருங்குகிற உலோகம் அச்சின் மூலைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வெடிக்கும். நடுவில் குழி விழும். மெல்லிய இடுக்குகளுக்குள் ஓடி நிரம்புவதற்குள் இறுகிவிடும். இந்த மூன்று சிக்கலுக்கும் ஒரே மருந்து சிலிக்கான். ஆற்று மணலிலும் கணினிச் சில்லிலும் இருக்கிற அதே சிலிக்கான்தான்.

சிலிக்கான் தனியாக உருக 1,414 டிகிரி வேண்டும். அலுமினியத்துக்கு 660. இரண்டையும் கலந்தால் உருகும் சூடு இடையில் எங்கோ நிற்கும் என்றுதானே நினைப்போம்? பன்னிரண்டரை சதவீத அளவுக்குச் சிலிக்கான் சேர்த்த கலவை 577 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. அதாவது இரண்டையும்விடக் குறைவு. உருகுநிலை இப்படி அடிமட்டத்தைத் தொடும் கலவைக்குத் தாழுருகு கலவை என்று பெயர். பட்டறையில் யூடெக்டிக் என்றே சொல்வார்கள். அந்தக் கலவைக்கு இன்னொரு குணமும் உண்டு: இடையில் கூழாக நிற்காமல், திரவத்திலிருந்து நேராகத் திடமாகிறது. கடைசித் துளி வரை ஓடும்.

ஓடுவதற்கு இன்னொரு காரணம் இன்னும் சுவையானது. ஒரு பொருள் திரவத்திலிருந்து திடமாகும்போது உள்ளே பதுங்கியிருந்த வெப்பம் வெளிவரும். ஒரு கிலோ சிலிக்கான் இறுகும்போது வெளியிடும் வெப்பம், ஒரு கிலோ அலுமினியம் வெளியிடுவதைப்போல நாலரை மடங்கு. இறுகத் தொடங்கும் ஒவ்வொரு சிலிக்கான் படிகமும் தன் அக்கம்பக்கத்து உலோகத்தைச் சூடாக்கி, இறுகவிடாமல் இன்னும் கொஞ்சம் தூரம் ஓட வைக்கிறது. அதோடு, தண்ணீர் உறையும்போது விரிவதுபோல, சிலிக்கானும் இறுகும்போது விரிகிற அபூர்வக் கூட்டத்தைச் சேர்ந்தது. அலுமினியம் சுருங்கி விட்டுச்செல்லும் இடத்தில் ஒரு பகுதியை அது நிரப்பிவிடுகிறது. எடையும் ஏறுவதில்லை, சிலிக்கான் அலுமினியத்தைவிட இலேசானது.

ஒரு குறை மட்டும் இருந்தது. மெதுவாக இறுகிய அலுமினிய–சிலிக்கான் கலவையை உடைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், சிலிக்கான் கூர்மையான தகடுதகடாகக் குறுக்கும் நெடுக்கும் கிடக்கும். விரிசல் ஓடுவதற்கு அது ராஜபாட்டை. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வேலை பார்த்த அலதார் பாட்ஸ் என்ற வேதியியலாளர், உருகிய கலவையில் சோடியம் உப்பு ஒன்றைத் தூவிப் பார்த்து, 1920-களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கினார். பத்தாயிரத்தில் ஒரு பங்கு சோடியம் உள்ளே போனால் போதும். தகடுகள் மறைந்து, பவளக் கிளைகளாக நுண்ணிய சிலிக்கான் இழைகள் உருவாகின்றன. கலவையின் கூட்டு மாறவில்லை. சிலிக்கானின் உருவம் மட்டும் மாறியது. உடைந்துகொண்டிருந்த வார்ப்பு வளைந்து கொடுக்கத் தொடங்கியது.

இன்று சோடியத்துக்குப் பதில் பெரும்பாலும் ஸ்ட்ரான்சியம். சோடியம் சில நிமிடங்களில் ஆவியாகிப் போய்விடும். ஸ்ட்ரான்சியம் மணிக்கணக்கில் நிற்கும். நூறு கிலோ உலோகத்துக்கு இருபது கிராம் போதும். வளரும் சிலிக்கான் படிகத்தின் விளிம்பில் இந்த அணுக்கள் போய் ஒட்டிக்கொண்டு, நேராக வளரவிடாமல் திரும்பத் திரும்பக் கிளை பிரிய வைக்கின்றன என்பதுதான் இப்போதைய விளக்கத்தின் சாரம்.

சரி, இந்த அடிப்படையை வைத்துக்கொண்டு எஞ்சினின் மூன்று பாகங்களைப் பார்ப்போம், முதலில் பிஸ்டன். சூடேறினால் அலுமினியம் இரும்பைப்போல இரண்டு மடங்கு விரியும். 51 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் தலை 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் விட்டம் 0.2 மில்லிமீட்டர் அளவுக்கு வளரும். கேட்க அற்பம்தான். ஆனால் பிஸ்டனின் கீழ்ப்பகுதிக்கும் சிலிண்டருக்கும் இடையே விடப்படும் இடைவெளி ஒரு தலைமுடிக் கனத்தைவிடக் குறைவு. விரிந்தால் பிடித்துக்கொள்ளும், மெக்கானிக்குகள் "சீஸ் ஆயிடுச்சு" என்று கையை விரிக்கும் நிலைமை அதுதான். சிலிக்கானோ சூட்டில் அசைவதே இல்லை என்று சொல்லலாம். அலுமினியத்தின் விரிவில் எட்டில் ஒரு பங்குகூட அதற்கு இல்லை. எனவே பிஸ்டனுக்குப் பன்னிரண்டு சதவீதத்தை ஒட்டிய சிலிக்கான். எல்எம்13 அந்த ரகம். அப்படியும் மிஞ்சுகிற விரிவைச் சமாளிக்க, பிஸ்டனைச் சரியான வட்டமாகக் கடைவதில்லை. குளிர்ந்திருக்கும்போது மயிரிழை அளவு முட்டை வடிவம், மேலே குறுகி கீழே அகன்ற உடம்பு. சூடேறிய பிறகுதான் அது சிலிண்டருக்குப் பொருந்துகிற உருண்டையாகிறது.

இத்தோடு ஒரு சதவீதம் செம்பு, ஒரு சதவீதம் மக்னீசியம், சிலவற்றில் நிக்கல். மக்னீசியம் தரும் வலிமை 200 டிகிரிக்கு மேல் தேயத் தொடங்கும். நிக்கலும் செம்பும் அலுமினியத்தோடு சேர்ந்து உருவாக்கும் கடினப் படிகங்கள் 300 டிகிரியிலும் அசையாமல் நிற்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகம் விமான எஞ்சின்களுக்காக நான்கு சதவீதம் செம்பு, இரண்டு சதவீதம் நிக்கல் சேர்த்து 'ஒய் கலவை' என ஒன்றை உருவாக்கியது. நிக்கலின் மகிமை அப்போதே தெரிந்துவிட்டது. இன்று அதன் விலையைப் பார்த்துத்தான் எவ்வளவு சேர்ப்பது என்று கை நடுங்குகிறது.

சிலிக்கானைப் பன்னிரண்டுக்கு மேலும் ஏற்றினால்? பதினேழு, பதினெட்டு சதவீதத்தில் கட்டிகட்டியாகத் தனிச் சிலிக்கான் படிகங்கள் முளைக்கும். தேய்மானத்துக்கு அசராதவை, ஆனால் பெரிதாக வளர்ந்துவிட்டால் கடையும் உளியைத் தின்றுவிடும். இவற்றைச் சிறிதாக வைக்கத் துளி பாஸ்பரஸ் சேர்க்கிறார்கள். பாஸ்பரஸும் அலுமினியமும் சேர்ந்து உண்டாகும் துகள் ஒவ்வொன்றின்மேலும் ஒரு சிலிக்கான் படிகம் வளரத் தொடங்குவதால், பெரிதாகச் சில படிகங்களுக்குப் பதில் குட்டியாக ஆயிரம் படிகங்கள். ஆனால் பாஸ்பரஸும் ஸ்ட்ரான்சியமும் ஒரே உலையில் சந்தித்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டுமே வீணாகிவிடும். பிஸ்டன் உலையில் மிஞ்சியதை சிலிண்டர் ஹெட் உலையில் கொட்டக் கூடாது என்று பட்டறையில் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.

இந்த உயர்சிலிக்கான் கலவையை நம்பி ஜெனரல் மோட்டார்ஸ் 1970-ல் 'வேகா' என்ற காரை இறக்கியது. வழக்கமான இரும்பு லைனரே இல்லாமல், சிலிண்டர் சுவரும் அதே வார்ப்பு. சுவரின் மேற்பரப்பிலுள்ள அலுமினியத்தை மட்டும் மெல்ல அரித்தெடுத்து, சிலிக்கான் முனைகளை வெளியே துருத்த வைத்து, பிஸ்டன் அவற்றின்மேல் வழுக்கட்டும் என்று விட்டார்கள். அற்புதமான யோசனை. எஞ்சின் அதிகம் சூடேறும்போது சிலிண்டர்கள் நெளிந்து, எண்ணெய் குடித்து, கார் பெயரைக் கெடுத்துக்கொண்டது. அதே யோசனையைச் சில ஆண்டுகள் கழித்து போர்ஷே பொறுமையாகச் செய்து ஜெயித்தது. கலவை குற்றவாளி இல்லை. அதைச் சுற்றியிருந்த குளிரூட்டும் ஏற்பாடுதான் கோட்டைவிட்டது என்பது என் கட்சி.

இரண்டாவது பாகம், சிலிண்டரை மேலே மூடும் சிலிண்டர் ஹெட். அதன் கவலை வேறு. அது அசைவதில்லை; ஆனால் ஒரு பக்கம் தீ, மறுபக்கம் காற்று, நடுவில் வால்வும் ஸ்பார்க் பிளக்கும். வண்டியைக் கிளப்பி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் விரிந்து சுருங்குகிறது. இங்கே வேண்டியது வளைந்து கொடுக்கும் குணமும் வெப்பத்தைக் கடத்தும் குணமும். ஏழு சதவீதச் சிலிக்கான், 0.3 சதவீத அளவில் மக்னீசியம்: எல்எம்25, ஏ356 இரண்டும் இந்தக் குடும்பம். காற்றால் மட்டும் குளிரும் சிறு எஞ்சின்களில் சூடு கூடுதல் என்பதால், செம்பு இரண்டு முதல் நான்கு சதவீதம் சேர்ந்த கலவையையும் எடுப்பார்கள். செம்பு கூடினால் சூட்டில் பலம். ஆனால் வெப்பக் கடத்தல் குறையும், அரிப்பும் வார்ப்புக் குழிகளும் கூடும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடியும்.

ஏ356 வார்ப்பு அச்சிலிருந்து வந்தவுடன் சுமார்தான். அதை 540 டிகிரியில் சில மணிநேரம் வைத்து, சட்டென்று தண்ணீரில் முக்கி, பிறகு 160 டிகிரி அளவில் மீண்டும் சில மணிநேரம் வைத்தால் வலிமை ஒன்றரை மடங்காகிறது. எடை கூடவில்லை, எதுவும் சேர்க்கவில்லை. முதல் சூட்டில் மக்னீசியமும் சிலிக்கானும் அலுமினியத்துக்குள் கரைகின்றன. தண்ணீரில் விழுந்ததும் பிரிந்து போக நேரமில்லாமல் அப்படியே சிக்கிக்கொள்கின்றன. இரண்டாவது மிதமான சூட்டில் மெல்ல நகர்ந்து, கண்ணுக்கு மட்டுமல்ல, சாதாரண நுண்ணோக்கிக்கும் தெரியாத கோடானுகோடிப் பொடிகளாகத் திரள்கின்றன. உலோகம் வளையும்போது அணு வரிசைகள் வழுக்க வேண்டும். வழியெங்கும் இந்தப் பொடிகள் தடை.

இந்த இரகசியம் முதலில் வெளிப்பட்டது 1906 வாக்கில், ஜெர்மனியின் ஆல்ஃபிரெட் வில்ம் கையில். சூடாக்கி முக்கியெடுத்த அலுமினிய–செம்புக் கலவை, சும்மா கிடந்த சில நாளில் தானே கெட்டியாகியிருப்பதைக் கண்டு அவர் திகைத்தார். காரணம் அவருக்கே தெரியாது. 1938-ல் பிரான்ஸில் கினியேவும் இங்கிலாந்தில் பிரஸ்டனும் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு, சில அணுக் கனமே உள்ள செம்புத் திரள்களைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். ஆனால் வில்முக்கும் முன்னால் ஒரு எஞ்சின் இதை அறியாமலே செய்து முடித்திருந்தது. 1903-ல் ரைட் சகோதரர்களின் விமானத்தைத் தூக்கிய 12 குதிரைத்திறன் எஞ்சினின் கிராங்க்கேஸ் (வெளிக்கூடு), எட்டு சதவீதம் செம்பு கலந்த அலுமினிய வார்ப்பு. அதிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து ஆராய்ந்தவர்கள், அதே செம்புத் திரள்கள் உள்ளே இருப்பதை 1994-ல் அறிவித்தார்கள். அச்சுக்குள் வார்ப்பு மெல்ல ஆறிய சூடே அந்த வேலையைச் செய்துவிட்டது.

மூன்றாவது பாகம் கிராங்க்கேஸ், எஞ்சினின் வெளிக்கூடு. பெரியது, மெல்லியது, சிக்கலானது, லட்சக்கணக்கில் வேண்டும். இங்கே உலோகத்தை யாரும் ஊற்றிக்கொண்டு நிற்க முடியாது. பிரஷர் டை காஸ்டிங் எந்திரம் அதை எஃகு அச்சுக்குள் அடிக்கிறது. 650 டிகிரிக்கு மேல் சூடான உலோகம், அச்சின் வாயில் மணிக்கு 100 முதல் 200 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து, நொடியில் நூறில் சில பங்கு நேரத்துக்குள் இண்டு இடுக்கெல்லாம் நிறைகிறது. நிறைந்ததும் சதுர சென்டிமீட்டருக்கு 700 கிலோ என்ற அளவில் அழுத்தம். இருபதுக்கு இருபது சென்டிமீட்டர் பரப்புள்ள வார்ப்பு என்றால் அச்சின் இரு பாதியையும் 280 டன் விசை பிளக்கப் பார்க்கும். அதைத் திறக்கவிடாமல் எந்திரம் பூட்டிப் பிடித்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வார்ப்பு விழுந்துகொண்டே இருக்கும். உங்கள் வண்டியின் கிராங்க்கேஸுக்கு அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். சிறு காசு அளவில் வட்ட வட்டமான தடங்கள் தட்டுப்படும். அச்சிலிருந்து வார்ப்பை வெளியே தள்ளிய எஃகு முளைகளின் ரேகை அது.

இங்கே ஆட்சி செய்வது ஏடிசி12. சிலிக்கான் 9.6 முதல் 12 சதவீதம், செம்பு 1.5 முதல் 3.5. ஓட்டத்துக்குச் சிலிக்கான், பலத்துக்குச் செம்பு என்று இதுவரை பார்த்த கதைதான். அதிசயம் அதன் மூன்றாவது வரியில் இருக்கிறது: இரும்பு, 1.3 சதவீதம் வரை போகலாம். சிலிண்டர் ஹெட்டுக்கான ஏ356-ல் இரும்பு 0.2-ஐத் தாண்டினால் உலோகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரும்பு, அலுமினியம், சிலிக்கான் மூன்றும் சேர்ந்து ஊசிஊசியான படிகங்களாகி, பாட்ஸ் ஒழித்த விரிசல் பாதையை மீண்டும் திறந்துவிடும். அந்த வில்லனையே டை காஸ்டிங்கில் வலியக் கூப்பிடுகிறார்கள். ஏன்? உருகிய அலுமினியம் இரும்பைக் கரைக்கும். ஒவ்வொரு அடியிலும் எஃகு அச்சின் முகத்தைக் கொஞ்சம் கரைத்து, அதோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு லட்சம் வார்ப்புத் தர வேண்டிய அச்சு அற்ப ஆயுசில் போய்விடும். உலோகத்தில் முன்கூட்டியே 0.8, 0.9 சதவீதம் இரும்பு இருந்துவிட்டால், அச்சிலிருந்து மேலும் இரும்பைக் கரைத்தெடுக்கும் பசி அதற்கு அடங்கிவிடுகிறது. ஊசிகளை மழுங்கடிக்கத் துளி மாங்கனீசும் சேரும். மாங்கனீசு கூடினாலோ உலையின் அடியில் கனத்த வண்டல் தங்கிவிடும். வண்டியில் அந்தப் பாகம் எப்படி உழைக்கப்போகிறது என்பதைப்போலவே, அச்சுக்குள் அது எப்படிப் பிறக்கப்போகிறது என்பதும் கலவையைத் தீர்மானிக்கிறது. கிராங்க்கேஸ் விஷயத்தில் பிறப்பின் கை ஓங்கிவிட்டது.

அவ்வளவு வேகமாக அடித்ததற்கு ஒரு விலையும் உண்டு. பாயும் உலோகம் அச்சிலிருந்த காற்றையும் சுருட்டி உள்ளே அடைத்துக்கொள்கிறது. நுண்ணிய காற்றுப் பைகள் அழுத்தத்தில் கசங்கிக் கிடக்கும்வரை தொந்தரவில்லை. இதைக் கொண்டுபோய் 540 டிகிரி உலையில் வைத்தால் மென்மையான உலோகத்தை அந்தக் காற்று உப்பவைத்து, மேற்பரப்பெல்லாம் கொப்புளம் கிளம்பும். அதனால்தான் சாதாரண டை காஸ்டிங் பாகங்களுக்கு அந்த முழு வெப்பச் சிகிச்சை கிடையாது. ஒன்றரை மடங்கு பலம் கிடைக்கும் என்று தெரிந்தும் கைகழுவ வேண்டியதுதான்.

வேகம் இல்லாமல் நிதானமாக ஊற்றும் பட்டறைக்கு எதிரி வேறு: தண்ணீர். உருகிய அலுமினியம் காற்றின் ஈரத்திலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு, மிச்சமுள்ள ஹைட்ரஜனைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். திரவமாக இருக்கும்போது கரைத்து வைத்திருப்பதில் இருபதில் ஒரு பங்கைத்தான் இறுகிய பின் வைத்துக்கொள்ள முடியும். மீதி எங்கே போகும்? கோலி சோடாவைத் திறந்ததுபோலக் குமிழியிட்டுக் கிளம்பும். அதற்குள் உலோகம் இறுகிவிட்டால் குமிழிகள் உள்ளேயே பொத்தல்களாக நின்றுவிடும். ஐப்பசி மழையில் பொத்தல் கூடுவது சகஜம். சுழலும் கிராஃபைட் தண்டு வழியாக நைட்ரஜனோ ஆர்கானோ பொடிப்பொடிக் குமிழிகளாக உள்ளே விடுகிறார்கள். ஹைட்ரஜன் அவற்றுக்குள் புகுந்து வெளியேறுகிறது. வேலை முடிந்ததா என்று அறியும் சோதனை பார்க்கவே அழகு. ஒரே உலையிலிருந்து இரண்டு சிறு கிண்ணங்களில் உலோகம் எடுத்து, ஒன்றைத் திறந்த வெளியிலும் மற்றொன்றைக் காற்று உறிஞ்சிய மூடிக்குள்ளும் இறுக விடுவார்கள். நல்ல உலோகமானால் இரண்டின் தலையும் அமுங்கியிருக்கும். வாயு மிஞ்சியிருந்தால் மூடிக்குள் இருந்தது பணியாரம் போலப் புடைத்திருக்கும். அறுத்துப் பார்த்தால் உள்ளே துளைமயம்.

இனி இந்த உலோகம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். தருமபுரி தனி மாவட்டமான அதே 1965-ல், பக்கத்து மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி உற்பத்தியைத் தொடங்கியது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் பாறைதான் மூலப்பொருள். பாறையிலிருந்து அலுமினியம் பிரிக்க மின்சாரம் ஆறாக ஓட வேண்டும்: கிலோவுக்கு ஏறத்தாழ 14 யூனிட். 100 யூனிட்டில் ஏழு கிலோ அலுமினியம்தான் தேறும். மேட்டூர் உருக்காலை 2008-ல் நின்றுபோனது. ஆனால் ஏற்கெனவே பிறந்துவிட்ட அலுமினியத்தை மறுபடி உருக்க, புதிதாகப் பிரிக்க ஆகும் சக்தியில் இருபதில் ஒரு பங்கு போதும். அதனால் ஏடிசி12 பெரும்பாலும் பாறையிலிருந்து வருவதில்லை. பழைய சாமான் கடையிலிருந்து வருகிறது.

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருவில் கூவியவருக்கு அடுத்த கட்டத்தில் உட்கார்ந்திருப்பவரின் கைத்திறனைக் கவனித்திருக்கிறீர்களா? சுத்தியலால் ஒரு தட்டு. சுருண்டு வளைந்தால் தகடோ பாத்திரமோ, சிலிக்கான் குறைவு. சாம்பல் நிற முகம் காட்டிப் படக்கென்று உடைந்தால் வார்ப்பு, சிலிக்கான் அதிகம். வார்ப்பிலேயே பிஸ்டன் தனிக் குவியல், ஏனென்றால் அதில் நிக்கல் உண்டு. இத்தனையும் தரம் பிரித்து, உருக்கி, ஒரு துளியை வில்லையாக வார்த்து, ஸ்பெக்ட்ரோ என்று பட்டறையில் செல்லமாக அழைக்கப்படும் கருவியில் வைப்பார்கள். வில்லைமேல் மின்பொறி பாயும். ஆவியாகும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறத்தில் ஒளிவிடும். ஒரு நிமிடத்துக்குள் சிலிக்கான் இவ்வளவு, செம்பு இவ்வளவு, ஈயம் இவ்வளவு என்று திரையில் வரிசையாக வந்துவிடும். குறைந்ததைச் சேர்க்கலாம். கூடியதை, குறிப்பாக இரும்பை, எடுக்க முடியாது. சுத்தமான உலோகத்தை ஊற்றி நீர்க்கச் செய்யத்தான் முடியும். கழற்ற மறந்த ஒரு போல்ட், உலைக் கரண்டியின் எஃகு என்று ஒவ்வொரு பிறவியிலும் இரும்பு ஏறிக்கொண்டே போகும். 1.3 சதவீதம் வரை இரும்பைப் பொறுத்துக்கொள்ளும் ஏடிசி12 அந்தப் பயணத்தின் கடைசி நிறுத்தம். ஜன்னல் சட்டமும் குளிர்பான டின்னும் கிராங்க்கேஸ் ஆகலாம். கிராங்க்கேஸ் ஒருநாளும் ஜன்னல் சட்டமாகாது.

இப்போது அந்தக் கடைசி நிறுத்தமே ஆட்டம் காண்கிறது. முன்பு தருமபுரி மாவட்டமாக இருந்த போச்சம்பள்ளியில் ஓலாவும், ஓசூரில் ஏதரும், அதே ஓசூரில் டிவிஎஸ்ஸும் மின்சார ஸ்கூட்டர் செய்கின்றன. அவற்றில் பிஸ்டன் இல்லை, சிலிண்டர் ஹெட் இல்லை, கிராங்க்கேஸும் இல்லை. மோட்டார் கூடும் பேட்டரிப் பெட்டியும் வார்ப்புதான். ஆனால் அங்கே முதல் கேள்வி வெப்பக் கடத்தல். சுத்த அலுமினியம் கடத்துவதில் பாதியைக்கூட ஏடிசி12 கடத்தாது, ஏனென்றால் வெப்பத்தைச் சுமந்தோடும் எலக்ட்ரான்களைக் கரைந்த செம்பும் சிலிக்கான் தகடுகளும் வழிமறிக்கின்றன. சிலிக்கானைக் குறைத்தால் கடத்தும், ஆனால் அச்சுக்குள் ஓடாது. பாட்ஸின் பழைய வித்தை இங்கேயும் கொஞ்சம் கைகொடுக்கிறது: சிலிக்கானை ஸ்ட்ரான்சியத்தால் இழையாக்கினால் எலக்ட்ரான்களுக்கு இடைவெளி கிடைத்து, வெப்பக் கடத்தலும் ஏறுகிறது.

எஞ்சின்கள் குறையக் குறைய, இரும்பேறிய பழைய வார்ப்புகளை வாங்கிக்கொள்ள ஆள் குறையும் என்று உலோகவியலாளர்கள் கவலைப்படத் தொடங்கிவிட்டார்கள். ஒருபுறம், இரும்பு கூடினாலும் ஊசி முளைக்காத புதிய கலவைகளைத் தேடுகிறார்கள். மறுபுறம், நொறுக்கிய துண்டுகள் ஓடும் பெல்ட்டின்மேல் லேசரைப் பாய்ச்சி, ஒவ்வொரு துண்டும் விடும் ஒளியைப் படித்து, காற்றை ஊதி அதனதன் தொட்டிக்குத் தள்ளும் எந்திரங்கள் வந்துவிட்டன. சுத்தியலால் தட்டிப் பார்க்கும் கைக்கு ஏடிசி12-ம் எல்எம்25-ம் ஒரே சாம்பல் நிறம்தான். லேசருக்கு அவற்றைப் பிரித்துச் சொல்லக் கண் இமைக்கும் நேரம்கூட வேண்டாம்.